சிறிய எரிவாயு டர்பைனின் கழிவு வெப்பத்திலிருந்து கூடுதல் மின்சாரம் எடுக்கும் வழி

சொந்தத் தேவைக்காக ஐந்தாறு மெகாவாட் எரிவாயு டர்பைனை ஓட்டும் ஆலையில், எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட மின்சாரமாவதில்லை. மீதியின் பெரும்பகுதி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்துடன் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடுகிறது. அந்த வெப்பத்தைப் பிடித்து இன்னொரு டர்பைனை ஓட்டுவது புதிய யோசனை அன்று. ராமநாதபுரம் மாவட்டம் வழுதூரில் உள்ள 95 மெகாவாட் அலகில் எரிவாயு டர்பைன் 60 மெகாவாட்டும், அதன் புகையால் உண்டாகும் நீராவி 35 மெகாவாட்டும் தருகின்றன. குத்தாலத்தின் 101 மெகாவாட் நிலையத்தில் அவை முறையே 64, 37 மெகாவாட். இந்த விகிதத்தை அப்படியே சிறிய டர்பைனுக்குப் பொருத்தி, ‘ஐந்து மெகாவாட்டுக்கு மூன்று மெகாவாட் இலவசம்’ என்று கணக்கிடுவதில்தான் பல திட்டங்களின் முதல் பிழை தொடங்குகிறது. பெரிய நிலையங்களில் இரண்டு, மூன்று அழுத்த நிலைகளில் நீராவி எடுக்க முடியும். பெரிய நீராவி டர்பைனின் செயல்திறனும் அதிகம். சிறிய அளவில் மூல டர்பைனின் திறனில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதை நல்ல வடிவமைப்பு என்று சொல்லலாம்.

கணக்குகள் அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். சோலார் டர்பைன்ஸ் நிறுவனத்தின் டாரஸ் 60 (பெயரில்தான் சூரியன் இருக்கிறது, ஓடுவது எரிவாயுவில்) 15 டிகிரி வெளிக்காற்றில் ஏறத்தாழ 5.67 மெகாவாட் மின்சாரம் தரும். அதன் செயல்திறன் 31.5 சதவீதம். அதிலிருந்து நொடிக்குச் சுமார் 21.7 கிலோ புகை 510 டிகிரியில் வெளிவருகிறது. உங்கள் டர்பைன் வேறாக இருந்தாலும், அதன் எண்களை வைத்து இதே வழியில் கணக்கிடலாம்.

முதலில் அளக்க வேண்டியவை

பெயர்ப்பலகையில் இருக்கும் எண்களைக் கொண்டு வடிவமைப்பைத் தொடங்கக் கூடாது. அந்த எண்கள் 15 டிகிரி வெப்பநிலை, கடல்மட்டம், முழுச் சுமை என்ற நிலையில் சொல்லப்பட்டவை. நம் ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் புகையின் அளவு குறைகிறது. அதன் வெப்பநிலை சற்று ஏறுகிறது. சுமை குறையும்போது பெரும்பாலான ஒற்றைத் தண்டு டர்பைன்களில் புகையின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, வெப்பநிலை மட்டும் இறங்கும். இது புகையின் பாதையில் அமைக்கப்போகும் நீராவிக் கொதிகலனுக்கு மிகவும் பாதகமானது. ஆகவே குறைந்தது ஓர் ஆண்டின் மணிவாரிப் பதிவுகளிலிருந்து சுமை, வெளிக்காற்றின் வெப்பநிலை, புகையின் வெப்பநிலை, ஓடிய மணிநேரம் ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். புகையின் அளவை நேரடியாக அளப்பது கடினம். எரிபொருள் நுகர்விலிருந்தும் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் விகிதத்திலிருந்தும் அதைக் கணக்கிட்டு, தயாரிப்பாளர் தரும் வளைகோடுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

ஆண்டுக்கு 8,000 மணிநேரம் ஓடும் டர்பைனையும், மின்வெட்டுக்குக் காத்திருந்து 1,500 மணிநேரம் மட்டும் ஓடும் டர்பைனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டாவது வகை ஆலையினர் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியைப் படித்துவிட்டு, முதலீடு எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது.

உங்கள் டர்பைனில் ஏற்கெனவே வெப்ப மீட்பான் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மைக்ரோ டர்பைன்கள் பெரும்பாலும் தம் புகையின் வெப்பத்தைக் கொண்டே எரிகலனுக்குப் போகும் காற்றைச் சூடாக்கிக்கொள்கின்றன. 65 கிலோவாட் கேப்ஸ்டோன் டர்பைனின் புகை நொடிக்கு 0.49 கிலோ அளவில், ஏறத்தாழ 309 டிகிரியில் வருகிறது. அதை 120 டிகிரி வரை குளிர்வித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 97 கிலோவாட். இவ்வளவு சிறிய அளவில் அதை மின்சாரமாக மாற்றினால் பத்துக் கிலோவாட் கிடைக்கலாம். அதற்கு ஆகும் குழாயும் பம்பும் பராமரிப்பும் அந்தப் பத்துக் கிலோவாட்டைத் தின்றுவிடும். அத்தகைய இடங்களில் வெந்நீரோ குளிரூட்டலோ எடுப்பதுதான் அறிவுடைமை.

வெப்பத்தின் அளவும் மின்சாரத்தின் அளவும்

நமது டாரஸ் 60-இன் புகையை 510 டிகிரியிலிருந்து 150 டிகிரி வரை குளிர்விப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 21.7 கிலோ, தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி மாற்றும் வெப்பம்) 1.1 கிலோஜூல், வேறுபாடு 360 டிகிரி, பெருக்கினால் 8.6 மெகாவாட் வெப்பம். இங்கே நிறுத்தி, ‘இதில் 25 சதவீதம் மின்சாரம்’ என்று எழுதிவிட்டால் 2.1 மெகாவாட் என்ற அழகான எண் கிடைக்கும். ஆனால் தண்ணீர் கொதிக்கும் விதம் அந்த எண்ணை அனுமதிப்பதில்லை.

காரணம், புகை ஒரே சீராகக் குளிர்கிறது. தண்ணீரோ கொதிக்கும்போது வெப்பநிலை ஏறாமல் ஒரே இடத்தில் நின்று பெருமளவு வெப்பத்தை விழுங்குகிறது. 20 பார் அழுத்தத்தில் தண்ணீர் 212 டிகிரியில் கொதிக்கிறது. கொதிக்கும் பகுதியை விட்டு வெளியேறும் புகை அந்த 212 டிகிரியை விடக் குறைந்தது பத்து டிகிரியாவது சூடாக இருந்தால்தான் நியாயமான பரப்பளவுள்ள குழாய்களில் வெப்பம் கடந்து செல்லும். இந்த இடைவெளியைத்தான் பொறியாளர்கள் பிஞ்ச் என்கிறார்கள். எவ்வளவு நீராவி கிடைக்கும் என்பதை முடிவு செய்வது புகைபோக்கியின் வெப்பநிலை அன்று, இந்தப் பிஞ்ச்தான்.

ஆகவே கணக்கை இப்படிப் போட வேண்டும். புகை 510-லிருந்து 222 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 6.9 மெகாவாட் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் 20 பார், 400 டிகிரி நீராவியை நொடிக்கு 2.9 கிலோ, அதாவது மணிக்குச் சுமார் பத்தரை டன் உருவாக்கும். பிறகு புகை, கொதிகலனுக்குப் போகும் நீரை முன்கூட்டியே சூடாக்கும் எகனாமைசர் என்ற குழாய்த் தொகுதியில் 105 டிகிரி ஊட்டுநீரைச் சூடாக்கி, 166 டிகிரி அளவில் வெளியேறும். நாம் நினைத்த 150 டிகிரியை எட்டவில்லை. ஏனெனில் எகனாமைசருக்குள் வரும் தண்ணீரின் அளவு, உருவாகும் நீராவியின் அளவேதான். இந்த நீராவி, அதை மீண்டும் தண்ணீராக்கும் 0.1 பார் கன்டென்சருக்கு விரிந்து, 70 சதவீதச் செயல்திறனுள்ள பல அடுக்கு டர்பைனை ஓட்டினால், பம்புகளும் கூலிங் டவர் விசிறிகளும் எடுத்துக்கொள்வதைக் கழித்தபின் ஏறத்தாழ 1.8 மெகாவாட் மின்சாரம் மிஞ்சும். மலிவான ஒற்றை அடுக்கு டர்பைனை வாங்கினால் செயல்திறன் 50 சதவீதத்துக்கும் இறங்கலாம். அங்கே கிடைக்கும் சேமிப்பு எதுவும் சேமிப்பே அல்ல.

அழுத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு கிலோ நீராவியும் அதிக வேலை செய்யும். ஆனால் கொதிநிலை உயர்வதால் நீராவியின் அளவு குறையும், புகைபோக்கியில் வீணாகும் வெப்பம் கூடும். விரிவின் முடிவில் நீராவியின் ஈரமும் அதிகரித்து டர்பைன் இலைகளை அரிக்கும். இந்த அளவிலான டர்பைன்களுக்கு 15 முதல் 30 பார் வரையிலான வரம்புக்குள் இரண்டு மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலே உகந்த இடம் தெரிந்துவிடும்.

காற்றைக் குளிர்வித்தல்: முதலில் எண்ண வேண்டிய வழி

வெப்பமான நாட்டில் இருப்போர் இந்தப் பகுதியை மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஆராய வேண்டும் என்பது என் கருத்து. சிறிய டர்பைன்கள் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ முக்கால் சதவீதத் திறனை இழக்கின்றன. 35 டிகிரி பகலில் நமது இயந்திரம் தன் பெயர்ப்பலகைத் திறனில் 15 சதவீதம் அளவுக்கு, அதாவது 0.8 மெகாவாட்டுக்கும் மேல், இழந்து நிற்கிறது. இந்த இழப்பை மீட்கப் புதிய டர்பைனோ புதிய ஜெனரேட்டரோ வேண்டாம். உள்ளே போகும் காற்றை மீண்டும் 15 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும்.

அதற்குத் தேவையான குளிரூட்டலைக் கணக்கிடுவோம். 35 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 15 டிகிரிக்குக் குளிர்விக்க, ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 39 கிலோஜூல் எடுக்க வேண்டும்; இதில் பாதி, காற்றின் ஈரத்தைத் தண்ணீராக மாற்றவே செலவாகிறது. நொடிக்கு 21 கிலோ காற்றுக்கு இது சுமார் 825 கிலோவாட், குளிரூட்டல் கணக்கில் 235 டன். மின் கம்ப்ரஸர் கொண்டு இதைச் செய்தால் கிடைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை அதுவே தின்னும். வெப்பத்தில் ஓடும் லித்தியம் புரோமைடு உறிஞ்சு குளிரூட்டி, ஆலைகளில் ‘வேம்’ என்று அழைக்கப்படுவது, இதற்கு ஏற்றது. வெந்நீரில் ஓடும் ஒற்றை நிலை வேம் இயந்திரத்தின் செயல்திறன் எண் (கொடுக்கும் வெப்பத்துக்குக் கிடைக்கும் குளிரூட்டலின் விகிதம்) 0.7 அளவு, ஆகவே அதற்கு வேண்டிய வெப்பம் சுமார் 1.18 மெகாவாட்.

எகனாமைசரை விட்டு 166 டிகிரியில் வெளியேறும் புகையை நீராவிச் சுழற்சியால் மேலும் பயன்படுத்த முடியாது என்று பார்த்தோம். ஆனால் 95 டிகிரி வெந்நீரை உருவாக்க அந்தப் புகை தாராளமாகப் போதும். அதை 115 டிகிரி வரை குளிர்வித்தால் கிடைப்பதும் அதே 1.18 மெகாவாட்தான். பிஞ்ச் வேண்டாம் என்று தள்ளிய வெப்பத்தில் 0.8 மெகாவாட் மின்சாரம் மீள்கிறது, அதே 1.18 மெகாவாட் வெப்பத்தை வேறொரு டர்பைனில் செலுத்தியிருந்தால், இவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் 0.1 மெகாவாட் கிடைத்தாலே அதிகம். காற்று குளிர்ந்ததும் டர்பைன் வழியாகச் செல்லும் காற்றின் அளவும் கூடுவதால், கொதிகலனுக்குப் போகும் புகையும் கூடுகிறது என்பது இன்னொரு ஆதாயம். முழு நீராவி ஏற்பாட்டுக்குப் பணம் இல்லாத ஆலைகூட, புகைபோக்கியில் ஒரு வெந்நீர்ச் சுருளை மட்டும் பொருத்தி இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. குளிர்ச் சுருள் காற்றின் பாதையில் நிரந்தரமாக இருப்பதால் 30 மில்லிமீட்டர் நீர்த்தம்ப உயரத்துக்குச் சமமான காற்றழுத்த இழப்புக்கு ஏறத்தாழ 0.4 சதவீதத் திறன் ஆண்டு முழுவதும் போகும். சுருளில் மணிக்கு அரை கிலோலிட்டருக்கும் மேல் தண்ணீர் திரளும். அந்தத் துளிகள் கம்ப்ரஸருக்குள் போகாதபடி துளித் தடுப்பான் கட்டாயம். நுழைவாயில் உலோகத்தில் பனி படியக்கூடும் என்பதால் காற்றை ஏழெட்டு டிகிரிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. வறண்ட உள்மாவட்டங்களில் வெறும் நீராவியாதல் குளிர்விப்பே பாதி வேலையைச் செய்துவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரைக் காற்றில் அதை நம்ப முடியாது.

நீராவியா, கரிமத் திரவமா

இரண்டாவது டர்பைன் வைப்பது என்று தீர்மானித்தால், எந்தத் திரவத்தில் ஓட்டுவது என்ற கேள்வி வருகிறது. தண்ணீருக்குப் பதிலாகப் பென்டேன், சைக்ளோபென்டேன், சிலாக்சேன் போன்ற கரிமத் திரவங்களைப் பயன்படுத்துவது ஆர்கானிக் ரேங்கின் சுழற்சி, சுருக்கமாக ஓஆர்சி. இவற்றின் ஆவியாதல் வெப்பம் குறைவு என்பதால் பிஞ்சின் பிடி தளர்கிறது. புகையை இன்னும் கீழே குளிர்விக்கலாம். விரிந்த பின்னும் ஆவி ஈரமாவதில்லை. டர்பைன் இலைகள் அரிக்கப்படுவதில்லை. ஆனால் 510 டிகிரி புகையை இந்தத் திரவங்கள் நேரடியாகத் தாங்கா, மூலக்கூறுகள் சிதைந்துவிடும். அதனால் இடையில் தெர்மிக் ஃப்ளூயிட் எனப்படும் வெப்ப எண்ணெய்ச் சுற்று ஒன்றை வைத்து, வெப்பநிலையை 300 டிகிரிக்குள் கொண்டுவருவது வழக்கம். உயர் வெப்பத்தின் மதிப்பு அந்த இடத்தில் குறைகிறது. நமது எடுத்துக்காட்டில் காற்றுக் குளிர்விப்புடன் கூடிய ஓஆர்சி நிகரமாக 1.2 முதல் 1.4 மெகாவாட் தரலாம். நீராவியை விடக் குறைவு.

அப்படியிருந்தும் ஓஆர்சியை ஏன் தேர்கிறார்கள்? கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் கோல்டு கிரீக் என்ற எரிவாயுக் குழாய் நிலையத்தில் 1999-இல் ஆர்மாட் நிறுவனத்தின் 6.5 மெகாவாட் ஓஆர்சி அமைந்தது. அது ஆளில்லாமல் இயங்கும் நிலையம். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துபோகும் இடம். அங்கே கொதிகலன் இயக்குநரை மூன்று ஷிப்டில் வைப்பதும், தண்ணீரைச் சுத்திகரிப்பதும் நடக்கிற காரியம் அன்று. நம் பக்கத்தில் உறைபனி இல்லை; தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிறது. மணிக்குப் பத்தரை டன் நீராவியைக் குளிர்விக்கக் கூலிங் டவரில் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் ஆவியாகும். ஒரு நாளைக்கு 240 கிலோலிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரிகள் இருபது. ஆழ்துளைக் கிணறு வற்றும் வட்டாரத்தில் இந்த எண் ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும். கொதிகலனுக்கு உப்புகளும் சிலிக்காவும் நீக்கிய டிஎம் தண்ணீரும், கொதிகலன் சட்டப்படி பதிவும், காலமுறை ஆய்வும், சான்று பெற்ற இயக்குநரும் வேண்டும். இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் சட்டம் போய் 2025-இல் புதிய சட்டம் வந்தபின்னும் இந்தக் கடமைகள் தொடர்கின்றன.

என் தீர்ப்பு இதுதான்: ஆலையில் ஏற்கெனவே கொதிகலனும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களும் இருந்தால் நீராவி, அப்படி எதுவும் இல்லாமல், தண்ணீரும் அரிதாக இருந்தால் ஓஆர்சி. சாயப்பட்டறை, காகித ஆலை போல நீராவியே தேவைப்படும் இடத்தில், நீராவியை மின்சாரமாக்கப் பாடுபடாமல் நேரே பயன்படுத்தி, எரிக்கும் விறகையோ நிலக்கரியையோ குறைப்பதுதான் பெரும்பாலும் அதிக லாபம்.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு: உருவான நீராவியை மூல டர்பைனின் எரிகலனுக்குள்ளேயே செலுத்துவது. செங் சுழற்சி என்னும் இம்முறை, 1980-களின் நடுவில் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆலிசன் 501 டர்பைனில் நடைமுறைக்கு வந்தது. டர்பைனின் திறன் ஒன்றரை மடங்குக்கும் அதிகமாக உயரும். கன்டென்சரும் இரண்டாவது டர்பைனும் தேவையில்லை. ஆனால் செலுத்திய டிஎம் தண்ணீர் முழுவதும் புகையுடன் போய்விடும். அதற்கென்றே வடிவமைத்த டர்பைனிலன்றி இதை முயலவும் கூடாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

புகையின் பாதையில் எதை வைத்தாலும் மூல டர்பைனுக்குப் பின்னழுத்தம் கூடும். 250 மில்லிமீட்டர் நீர்த்தம்ப அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதத் திறன் இழப்பு என்று கொள்ளலாம். நமது இயந்திரத்தில் அது 57 கிலோவாட். துடுப்புக் குழாய்களை நெருக்கி வைத்தால் கொதிகலன் சிறிதாகும், பின்னழுத்தம் ஏறும். இந்தப் பேரத்தைக் கொதிகலன் விற்பவரிடம் விடாமல் நீங்களே முடிவு செய்ய வேண்டும். டர்பைன் தயாரிப்பாளர் அனுமதிக்கும் உச்ச அளவை எழுத்தில் பெற்றுக்கொள்வது முதல் வேலை.

டர்பைனுக்கும் கொதிகலனுக்கும் இடையே புகையைத் திசைதிருப்பும் டேம்பர் என்ற கதவும், கொதிகலனைத் தவிர்த்துப் புகையை வெளியேற்றும் தனிப் பைபாஸ் புகைபோக்கியும் அமைப்பது நலம். நீராவிப் பக்கத்தில் ஒரு பம்பு பழுதானால் ஆலையின் முழு மின்சாரமும் நிற்கக் கூடாது அல்லவா? டேம்பர் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் புகை கசியும். பழுது பார்க்க ஆட்கள் கொதிகலனுக்குள் இறங்க வேண்டியிருந்தால், இரட்டை இலையும் இடையே அடைப்புக் காற்றும் உள்ள டேம்பர்தான் பாதுகாப்பானது. டர்பைன் பற்றவைக்கத் தவறிய ஒவ்வொரு முறையும் எரியாத வாயு கொதிகலன் அறைக்குள் தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மறுபடி பற்றவைக்கும் முன், கொதிகலனும் குழாய்வழியும் சேர்ந்த கொள்ளளவைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு காற்றை அதன் வழியே தள்ள வேண்டும். பைபாஸ் வழியாக மட்டும் காற்றைத் தள்ளிவிட்டு டேம்பரைத் திறப்பது விபத்துக்கு வழி.

எண்ணெய்ச் சுற்று உள்ள ஏற்பாட்டில் குழாய் ஒன்று ஓட்டையானால், எண்ணெய் 500 டிகிரி புகைக்குள் கொட்டும். பம்பு நின்றதும் டேம்பர் தானாகத் திரும்பும்படி பூட்டிணைப்பு செய்து, எண்ணெய் அழுத்தத்தைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும். பென்டேன் பயன்படுத்தினால் வாயுக் கசிவு உணர்விகளும் வெடிப்புத் தடுப்பு மின்சாதனங்களும் தேவை.

புகையை எவ்வளவு குளிர்விக்கலாம் என்பது எரிபொருளைப் பொறுத்தது. கந்தகம் அற்ற இயற்கை எரிவாயுவில் 115 டிகிரி பாதுகாப்பானது. டீசலிலோ, சுத்திகரிக்காத சாண எரிவாயுவிலோ ஓடும் டர்பைனில் கந்தக அமிலம் படியாமல் இருக்க 150 டிகிரிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அங்கே நான் மேலே சொன்ன வெந்நீர்ச் சுருள் பொருந்தாது. ஊட்டுநீர் மிகவும் குளிர்ந்திருந்தால், புகை சூடாக இருந்தாலும் குழாயின் மேற்பரப்பு அமிலம் படியும் அளவுக்குக் குளிர்ந்துவிடும்.

டர்பைனின் புகையில் 15 சதவீதம் அளவுக்கு ஆக்சிஜன் மிச்சமிருப்பதால், குழாய்வழியிலேயே கூடுதல் எரிப்பான் வைத்து நீராவியைப் பெருக்க முடியும். ஆனால் அது கழிவு வெப்பம் அன்று, காசு கொடுத்து வாங்கிய எரிவாயு. சிறிய நீராவி டர்பைனில் அதை மின்சாரமாக்குவது எரிவாயு டர்பைனில் எரிப்பதை விட நட்டம். நீராவித் தேவை திடீரென்று ஏறும் ஆலைகளுக்கு மட்டும் அது உகந்தது.

ஓட்டத் தொடங்கிய பின்

ஏற்பு ஆய்வில் இரண்டாவது டர்பைனின் மீட்டரை மட்டும் பார்த்து ஒப்பம் இடக் கூடாது. மூல டர்பைன் பைபாஸில் ஓடும்போதும், கொதிகலன் வழியாக ஓடும்போதும் ஒரே வெளிவெப்பநிலையில் எவ்வளவு மின்சாரம் தருகிறது, எவ்வளவு எரிவாயு எடுக்கிறது என்று ஒப்பிட்டு, துணைச் சாதனங்களின் நுகர்வையும் கழித்த நிகர எண்ணையே ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். 1.8 மெகாவாட் நிகரமாக 8,000 மணிநேரம் கிடைத்தால் ஆண்டுக்கு 1 கோடியே 44 லட்சம் யூனிட். அதை உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கி, மொத்த முதலீட்டுடன் ஒப்பிடுங்கள்.

பின்னர் நாள்தோறும் குறிக்க வேண்டியவை மூன்றே: ஒரே சுமையில் புகைபோக்கியின் வெப்பநிலை, பின்னழுத்தம், நீராவியின் அளவு. முதல் இரண்டும் சேர்ந்து ஏறினால் துடுப்புகளில் கரி படிந்திருக்கிறது. புகைபோக்கியின் வெப்பநிலை மட்டும் ஏறினால் குழாயின் உட்புறத்தில் உப்புப் படிந்திருக்கிறது, டிஎம் பிளாண்டைப் பாருங்கள். பின்னழுத்தமும் நீராவியும் சேர்ந்து குறைந்தால் டேம்பர் சரியாக அமராமல் புகை பைபாஸ் வழியாக நழுவிக்கொண்டிருக்கிறது.